சிட்டுக்கும் பெரட்டு: விட்டுட்டுப் போன ஃபிஞ்ச் குருவி புதுக் கூண்டுல ஒட்டின 9 வாரம்

மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் எங்க ஊரு. போர்டுல பெஸ்தாரி ஜெயானு போட்டிருக்கும், ஆனா இங்கயே பொறந்து வளந்தவங்க வாயில அது வராது, இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுறவ. தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருந்த பழைய லயன் வீடுங்கள ஒவ்வொண்ணா காலி பண்ணிட்டு ஆளுங்க டவுன் பக்கம் ஃபிளாட்டுக்குப் போயிட்டு இருக்காங்க, சாவி வாங்கி லிஸ்ட்ல டிக் பண்றது என் வேலை. ஒரு சனிக்கிழமை அப்படிப் போனப்பதான் ஒரு வீட்டுப் பின்கட்டுல மெர்போக் புறா வளக்குற உருண்டை மூங்கில் கூண்டு தொங்கிட்டு இருந்தத பாத்தேன். உள்ள புறா இல்ல. கட்டைவிரல் அளவுக்கு ஒரு குருவி, ஆரஞ்சு மூக்கு, கன்னத்துல ஆரஞ்சு வட்டம், நெஞ்சுல கறுப்புப் பட்டை, உடம்ப பந்து மாதிரி உப்பி வச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

பக்கத்து வீட்டு சித்திகிட்ட கேட்டா, "அவங்க புதன்கிழமையே போயிட்டாங்கம்மா, ஃபிளாட்டுல வைக்க முடியாதுனு விட்டுட்டாங்க, நான்தான் தட்டு நிறைய தீனி இருக்குல்லனு சும்மா இருந்துட்டேன் லா"னு சொன்னாங்க. தட்டு நிறையதான் இருந்துச்சு. ஊதிப் பாத்தேன், அத்தனையும் பறந்து போச்சு, அடியில நாலஞ்சு தினை. ஃபிஞ்ச் தினைய அப்படியே முழுங்காது, மூக்குல உருட்டி தோல உரிச்சிட்டு பருப்ப மட்டும் எடுத்துக்கும், தோலு அதே தட்டுலயே விழும். அதனால தூரத்துல இருந்து பாக்குற நமக்கு எப்பவும் ரொம்பின தட்டாத்தான் தெரியும். வீட்டுல ஃபிஞ்ச் வச்சிருக்கவங்க இத படிக்கிறீங்கனா மீதிய அப்புறம் படிங்க, முதல்ல போயி தட்ட ஒருதடவ ஊதிட்டு வாங்க.

பழைய வீட்டுக்காரங்களுக்கு அங்கிருந்தே போன் போட்டேன், "நீங்களே வச்சிக்கோங்கம்மா, புண்ணியமா போகும்"னு சொல்லிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு லோரி புடிச்சு வீடு மாறுறவங்க.

தூக்கிட்டு வர்ற வழியிலயே ஆளாளுக்கு யோசனை. "இது வயக்காட்டு பிப்பிட்டு, தொறந்து விட்டுடு, பறந்து போயிடும்"னு ரெண்டு பேரு. பிப்பிட்டுனு இங்க சொல்றது தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்ல கூட்டங் கூட்டமா எறங்குமே, அந்தக் குருவி. இது அது இல்ல, ஸீப்ரா ஃபிஞ்ச், பூர்வீகம் ஆஸ்திரேலியா. ஆனா இவனும் இவன் அப்பன் பாட்டனும் கூண்டுலயே பொரிச்சவங்க, காட்டையே பாத்திருக்கமாட்டாங்க. செம்பனைக்குள்ள விட்டா தீனி எங்கனு தெரியாது, பருந்துனா என்னனு தெரியாது, ரெண்டு நாள் தாங்காது. தொறந்து விடுறது கேக்குறதுக்கு நல்லாதான் இருக்கும்.

வந்தப்ப இருந்த நிலைமை

நான் கிராணிங்கிறதால எதுக்கும் ஒரு பொஸ்தகம் போட்டுடுவேன். ஆபீஸ்ல பாதி எழுதி ஒதுக்கின பழைய செக்ரோல், அதான் ஆளுங்க வருகைப் பொஸ்தகம், ஒண்ணு இருந்துச்சு, அதுல கடைசி பக்கத்துல இருந்து "சிட்டு"னு பேரு எழுதி ஆரம்பிச்சேன். அம்மாவுக்கு ஃபிஞ்ச்னு வாயில நுழையல, சிட்டுனு கூப்பிட்டாங்க, அதுவே நெலச்சிடுச்சு. அண்ணன் மகனுக்கு எட்டு வயசு, அவன்தான் இத பாத்துட்டு "அத்தை, சிட்டுக்கும் பெரட்டா?"னு சிரிச்சான். பெரட்டுனா தோட்டத்துல விடியக்காலையில ஆளுங்கள பேரு கூப்பிட்டு கணக்கெடுக்கிறது.

கேக் செய்ய வச்சிருந்த டிஜிட்டல் தராசுல சின்ன டப்பாவோட வச்சி, டப்பா எடைய கழிச்சா 9க்கும் 10க்கும் நடுவுல ஆடிச்சு. கூண்டுல வளர்ற ஸீப்ரா ஃபிஞ்ச் நல்லா இருந்தா 12, 13 கிராம், சிலது அதுக்கும் மேல. நெஞ்சு நடுவுல எலும்பு கத்தி மாதிரி விரல்ல தட்டுபட்டுச்சு, ரெண்டு பக்கமும் சதையே இல்ல. நகம் வளந்து சுருண்டு போச்சு. நெத்தியில ரோமம் இல்ல, கம்பிச் சந்துல தலைய விட்டு விட்டு தேஞ்சதுனு நினைக்கிறேன். வாலு முழுக்க மொட்டையா ஒடிஞ்சிருந்துச்சு. உருண்டைக் கூண்டுல அப்படித்தான் ஆகும், ஏன்னா ஃபிஞ்ச் கிளி மாதிரி கம்பிய புடிச்சு ஏறாது, பக்கவாட்டுல பறக்குற ஜாதி, அதுக்கு உயரம் வேணாம் நீளம்தான் வேணும், உருண்டையில பறக்க எடுத்தா ரெண்டாவது சிறகடிப்புலயே கம்பியில இடிக்கும்.

டவுன்ல பறவைக் கடை அங்கிள்கிட்ட செகண்ட்ஹேண்ட் கூண்டு ஒண்ணு 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். 76 சென்டி நீளம், கம்பிக்கு கம்பி 1 சென்டி. இதுக்கு மேல ரொம்ப அகலமா இருந்தா ஃபிஞ்ச் தலைய விட்டு மாட்டிக்கும். கூடவே மூடி வச்ச பிளாஸ்டிக் தீனி டப்பா, தண்ணி டியூப், வழவழனு ரெண்டு குச்சி, எல்லாம் புத்தம் புதுசு. மனசுக்குள்ள எனக்கு என்னவோ ஃபிளாட் சாவி குடுக்குற மாதிரி சந்தோஷம்.

தப்பு எங்க நடந்துச்சுனா

அன்னைக்கே, சாயங்காலம் 7 மணிக்கு, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல கூண்ட வச்சு, உள்ள விட்டேன். இந்த ஒரு வரியில மூணு தப்பு இருக்கு. பொழுது சாயிற நேரத்துல புது எடத்துல விட்டா குருவிக்கு தீனி எங்க தண்ணி எங்கனு தேடிக் கண்டுபிடிக்க வெளிச்சமே இருக்காது, விடியக்காலையில மாத்தியிருந்தா முழுசா ஒரு பகல் கெடச்சிருக்கும். நாலு பக்கமும் தொறந்த எடத்துல வச்சா எந்தப் பக்கம் முதுகு காட்டுறதுனு அதுக்குத் தெரியாது. மூணாவதுதான் பெரிய தப்பு, பழைய கூண்டுல இருந்து ஒரு துரும்பக் கூட கொண்டாராம எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினது.

சிட்டு இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் முட்டிட்டு கடைசியா கீழ மூலையில போயி ஒடுங்கிட்டான். "பழகிடும் விடு"னு அண்ணன் சொன்னான், நானும் படுத்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா அதே மூலை. டப்பா ரொம்பியிருந்துச்சு, இந்தத் தடவ ஊதினா தோலே பறக்கல, அத்தனையும் முழுத் தினை, ஒண்ணு கூட உரிக்கல. நேத்து பாத்த தட்டு ரொம்பின மாதிரி காட்டுன காலித் தட்டு, இன்னைக்கு நெசமாவே ரொம்பின தட்டு, ரெண்டுலயும் குருவி பட்டினி. அடியில விரிச்ச பேப்பர பாத்தேன். ராத்திரி முழுக்க சேத்து ஆறே ஆறு எச்சம், அதுவும் கரும்பச்சையா கோடு மாதிரி, ஓரத்துல கொஞ்சம் வெள்ளை, நடுவுல கட்டியா இருக்க வேண்டியது இல்ல. வயித்துக்குள்ள ஒண்ணும் போகலனா பித்தம் மட்டும் அந்தக் கலர்ல வெளிய வரும். நல்லா சாப்பிடுற ஃபிஞ்ச் கால் மணிக்கு ஒருதரம் போடும், பேப்பர் புள்ளி புள்ளியா ரொம்பிடும். இத்துனூண்டு உடம்புக்கு ஒரு நாள் முழுப் பட்டினியே ஆபத்துனு எனக்குத் தெரியும், அப்பதான் கை நடுங்கிச்சு.

என்ன பண்றதுனு தெரியாம பழைய கூண்ட தூக்கி பாத்துட்டு இருந்தேன். அதுல தீனி வச்சிருந்தது டப்பா கூட இல்ல, டின்பால் மூடி ஒண்ண வளைச்சு ஓரத்த தட்டி வச்சது. சரி இத போட்டுப் பாப்போம்னு கழுவித் தொடச்சு, தினைய பரப்பி, புதுக் கூண்டுல அவன் உக்காந்திருக்கிற மூலையிலயே தரையில வச்சேன். பழைய மூங்கில் குச்சிய உருவி ரெண்டு விரல்கட்டை உயரத்துல குறுக்க மாட்டினேன். அம்மாவோட பழைய பாத்திக் கைலி ஒண்ண முதுகுப் பக்கமும் ரெண்டு சைடும் சுத்திட்டு, கூண்ட டிவிகிட்ட இருந்து தூக்கி உள் ஹால் செவுத்தோட ஒட்டி மேசை மேல வச்சிட்டு, கதவு சந்துல நின்னு பாத்தேன்.

நாலு நிமிஷம் இருக்கும். தலைய ஒரு பக்கமா சாய்ச்சு ஒத்தக் கண்ணால மூடியப் பாத்தான். ஒரு தத்து. இன்னொரு தத்து. அப்புறம் டிக் டிக்னு தகரத்துல மூக்கு படுற சத்தம். அந்தச் சத்தம் இன்னைக்கும் என் காதுல இருக்கு. மொத தினைய மூக்குல உருட்டி, தோல துப்பி, அடுத்தது, அடுத்ததுனு நிறுத்தாம பதினஞ்சு நிமிஷம் சாப்பிட்டான். அந்த பிளாஸ்டிக் டப்பாவுல அவன் தலைய உள்ள விட்டு சாப்பிடணும், கண்ணுக்கு பின்னாடி என்ன வருதுனு தெரியாம அப்படி தலைய விடுறதுக்கு பயந்துபோன குருவி ஒத்துக்காது, தவிர அதுக்குள்ள இருக்கிறது தீனினே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. ஃபிஞ்சுக்கு தீனின்னா தான் பழகின பாத்திரத்துல இருக்கிறதுதான்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாதான் மாத்தினேன், ஒரே நாள்ல ரெண்டு மாத்தமாட்டேன்னு எனக்கே ஒரு ரூல் போட்டுக்கிட்டேன். குச்சிய தெனம் ரெண்டு விரல்கட்டை மேல ஏத்தினேன், ஏத்துனது அவனுக்குத் தெரியாத மாதிரி. மூடிய மூலையில இருந்து வாசல் பக்கம் கொஞ்சங் கொஞ்சமா தள்ளினேன். கடை வழவழ குச்சிய எடுத்துட்டு பின்னாடி கொய்யா மரத்துல ஒடிச்ச கிளைங்கள, சிறுசும் பெருசுமா, கழுவி வெயில்ல காய வச்சு மாட்டினேன், ஒரே தடிமன்லயே நின்னா பாதத்துல புண்ணு வரும். ஒம்பதாம் நாள் அவன் மேல் குச்சியில தூங்கினான். தெனம் காலையில பேப்பர் மாத்துறப்ப புள்ளி எண்ணி செக்ரோல்ல போட்டுடுவேன், கம்மியா இருந்த நாளுக்கு, அரை நாள் வேலைக்குப் போடுற மாதிரி, "அரைப் பேரு"னு எழுதினேன்.

ராத்திரி அடிதடி

ஆறாம் நாள் விடியக்காலை இருட்டுல கூண்டுக்குள்ள படபடபடனு ஒரே அடிதடி. லைட்ட போட்டுப் பாத்தா சிட்டு தரையில வாய தொறந்து மூச்சு வாங்கிட்டு கிடக்கான், சிறகு ஓரத்துல ஒரு சொட்டு ரத்தம். அடுத்த நாளும் அதே மாதிரி. அம்மா "ஆந்தைதான், வேற என்ன"னு சொன்னாங்க. நம்பக்கூடிய விஷயம்தான், எலி புடிக்க தோட்டத்துல நெடுக ஆந்தைப் பெட்டி நட்டு வச்சிருக்காங்க, ராத்திரி கிரீச்னு கத்திட்டு எங்க கூரைக்கு மேலயே போகும். எனக்கு பாம்பு மேல சந்தேகம். சந்து பொந்தெல்லாம் பாத்து அடைச்சேன், ஒண்ணும் இல்ல.

பொஸ்தகத்த எடுத்துப் பாத்தேன், ரெண்டு நாளும் மணி 5.10. ஆந்தை மணி பாத்தா வரும்? மூணாம் நாள் ஹால்லயே பாய் போட்டுப் படுத்தேன். கரெக்டா 5.10க்கு எங்க அண்ணன் பெரட்டுக்குக் கெளம்பி மோட்டார ஸ்டார்ட் பண்ணி வளைக்கிறான், ஹெட்லைட் நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டை அடுக்கின ஜன்னல்) வழியா உள்ள பூந்து செவுத்துல கோடு கோடா ஓடுது, கூண்டுக் கம்பி நிழலும் சேந்து ஓடுது, அவ்வளவுதான், படபடபட. திருடன வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டு நான் ஆந்தைய திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இருட்டுல ஃபிஞ்சுக்கு ஒண்ணும் தெரியாது, திடீர்னு வெளிச்சமோ நிழலோ அசைஞ்சா கண்ண மூடிட்டு எழும்பி முட்டும், அப்புறம் குச்சி எங்கனு தெரியாம கீழ கிடக்கும். அண்ணன் இப்ப கேட் வரைக்கும் மோட்டார தள்ளிட்டுப் போயி ஸ்டார்ட் பண்றான், முணுமுணுத்துக்கிட்டேதான். சாமி மேடையில விடிய விடிய எரியுமே சின்ன செவப்பு பல்பு, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி கூண்டுல இருந்து ஆறடி தள்ளி மாட்டினேன், முட்டினாலும் குச்சியத் தேடி ஏறிக்க அது போதும். "சாமிக்கு ஒண்ணு சிட்டுக்கு ஒண்ணா"னு அம்மா கேட்டாங்க. அதோட அந்த அடிதடி நின்னுச்சு.

புகை விஷயத்துல மட்டும் அம்மாவுக்கும் எனக்கும் சின்னதா ஒரு மல்லுக்கட்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம அவங்களுக்கு ஆகாது. குருவிக்கு நுரையீரலோட முடியாது, உடம்பு முழுக்க காத்துப் பை, நமக்கு லேசா தொண்டைய கரகரனு பண்ற புகை அதுக்கு ரொம்ப அதிகம். கொசுவத்தியும் அப்படித்தான், அடுப்புல காஞ்சு போன நான்ஸ்டிக் சட்டி அதவிட மோசம், அந்த ஆவிக்கு குருவி நிமிஷத்துல செத்துடும். கடைசியில வெள்ளிக்கிழமை சாம்பிராணி நேரத்துல சிட்டு பின் ரூமுக்குப் போயி கதவ சாத்திக்கிறதுனு முடிவாச்சு. ஒருநாள் டெங்கிக்கு கொசுப்புகை அடிக்க வர்றாங்கனு மொத நாளே தெரிஞ்சதால கூண்ட கைலியோட காருல வச்சு ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டேன், மேனேஜர் பாத்துட்டு பாக்காத மாதிரி போயிட்டாரு.

டாக்டரும் தீனியும்

கிட்டத்துல இருந்த கிளினிக்ல பூனை நாய் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. 12ஆம் நாள் கிள்ளான் பக்கம் பறவை பாக்குற டாக்டர்கிட்ட போனோம். மூச்சு விடுறப்ப டிக் டிக்னு சத்தம் வருதா, வால் மேலயும் கீழயும் ஆடுதானு ரொம்ப நேரம் காது வச்சுக் கேட்டாங்க, மூச்சுக்குழாய்ல பேன் மாதிரி ஒரு பூச்சி ஃபிஞ்சுக்கு வரும், அது இருந்தா அப்படித்தான் இருக்குமாம். இவனுக்கு இல்ல. நகத்த வெட்டினாங்க, வீட்டுல வெட்டுறதுனா வெளிச்சத்துல புடிச்சு ரத்தக்கோடு தெரியுற எடத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், தப்பித் தவறி ரத்தம் வந்தா சோளமாவு வச்சு அமுக்கணும்னு சொன்னாங்க. வால் பத்தி கேட்டேன். வேரோட விழுந்த எறகுனா சில வாரத்துல மொளைக்கும், ஒடிஞ்சு நிக்கிறது அடுத்த தடவ எறகு உதிர்க்கிற வரைக்கும் அப்படியேதான் நிக்கும்னாங்க. அன்னைக்கு எடை 11.

தீனியில பெருசா ஒண்ணும் இல்ல. தினை கலவைதான் அடிப்படை, தெனம் தோல ஊதிட்டு மேல போடுறது. வாரத்துல ரெண்டு நாள் அவிச்ச முட்டைய ஓட்டோட மசிச்சு ஒரு டீஸ்பூன், நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும். சாவிக் கீரை (கடுகுக் கீரை ஜாதி) நல்லா அலசி கிளிப்புல தொங்க விட்டேன், மொத வாரம் பாம்பப் பாக்குற மாதிரி பாத்தான், அப்புறம் ஓரத்துல கிழிக்க ஆரம்பிச்சான். சுண்ணாம்புச் சத்துக்கு கடையில விக்கிற வெள்ளை ஓட்டுக்குப் பதிலா மார்க்கெட்டுல சோத்தோங் (ஓட்டுக் கணவாய்) வாங்கினப்ப உள்ள இருந்த ஓட்டையே உப்பு போக ஊற வச்சு, கொதிக்க வச்சு, காய வச்சு மாட்டிட்டேன், ரெண்டும் ஒண்ணுதான். 15ஆம் நாள் தட்டையா ஒரு சாசர்ல அரை விரல் தண்ணி வச்சேன், பத்து நிமிஷம் சுத்தி சுத்தி வந்துட்டு விழுந்தான் உள்ள, பேப்பர் எல்லாம் தெப்பம்.

17ஆம் நாள் பாட்டு. அதுவரைக்கும் கூவுறது மட்டும்தான், சின்ன ஊதுகுழல அமுக்கி அமுக்கி விடுற மாதிரி, துணையக் கூப்பிடுற கூவல். அன்னைக்கு நான் துணி மடிச்சிட்டு இருக்கேன், திடீர்னு ஒரு கரகரப்பு, அதுக்குப் பின்னால நாலஞ்சு ஸ்வரம், திரும்ப அதே வரிசை, திரும்பவும் அதே. ஸீப்ரா ஃபிஞ்ச்ல ஆம்பளைக்கு மட்டும்தான் பாட்டு, மூணு மாசம் ஆகுறதுக்குள்ள பெரும்பாலும் அப்பன்கிட்ட கேட்டு ஒரே ஒரு பாட்டு கத்துக்கும், ஆயுசுக்கும் அது ஒண்ணுதான். இவன் அப்பன் எந்தக் கூண்டுல இருந்தானோ, யாரு வாங்கி யாரு வித்தாங்களோ, பாட்டு மட்டும் லயன் வீட்டுல இருந்து எங்க ஹாலுக்கு வந்து சேந்திருக்கு. பொஸ்தகத்துல அன்னைக்கு "ஓவர்டைம்"னு எழுதினேன்.

துணை

ஃபிஞ்ச் கூட்டத்துல வாழுற ஜாதி, ஒத்தையில வச்சா நம்மள துணையா நினைக்காது, சும்மா சகிச்சுக்கும். அண்ணி கண்ணாடி வைக்கச் சொன்னாங்க, வச்சேன். ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடியே நின்னு பாடுறான், தீனிக்குக் கூட எறங்க மாட்டேங்கிறான், புள்ளி கணக்கு பாதியா கொறைஞ்சிடுச்சு. எடுத்துட்டேன். 24ஆம் நாள் வீட்டுல ஃபிஞ்ச் வளக்குற ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பொட்டை வாங்கிட்டு வந்தேன், சாம்பக் கலர், கன்னத்துல ஆரஞ்சு இல்லாம கண்ணுக்குக் கீழ கறுப்பா ஒரு கண்ணீர்க் கோடு மட்டும் இருக்கும். நேரா உள்ள விடல. 30 நாள் பின் ரூமுல தனிக் கூண்டு, தனித் தட்டு, கை கழுவிட்டுதான் இங்கயும் அங்கயும். இதுதான் எல்லாத்தவிட கஷ்டம், ஏன்னா மொத நாளே அது அங்கிருந்து கூவ இவன் இங்கிருந்து கூவ, வீடே தெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆயிடுச்சு, அம்மா தெனமும் "பாவம் சேத்து வையேன்டி"னு நச்சரிப்பு. அசையல. 40ஆம் நாள் சிட்டு எடை 13. அப்புறம் ஒரு வாரம் ரெண்டு கூண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, 62ஆம் நாள் காலையில, இந்தத் தடவ காலையில, பெரிய கூண்டுல குச்சிங்க எல்லாத்தையும் எடம் மாத்திட்டு ரெண்டையும் ஒண்ணா விட்டேன். குச்சிய மாத்துனது எதுக்குனா சிட்டுக்கும் அது புது எடமா தெரியட்டும், என் எடம்னு வெரட்டக் கூடாதுனு.

வெரட்டல. ஒரு அரை மணி நேரம் ரெண்டும் ஆளுக்கொரு ஓரம். அப்புறம் ஒரே கொய்யாக் குச்சியில, ஒட்டி உக்காந்து, அவ இவன் நெத்தி மொட்டையக் கோதி விட்டுட்டு இருந்தா. அந்த எடத்துல இப்ப ரோமம் பொடிப்பொடியா மொளைச்சிருக்கு. வால் இன்னும் மொட்டைதான், டாக்டர் சொன்ன மாதிரி.

கூடுப்பெட்டி மட்டும் வைக்கல, வச்சா அடுத்த வாரமே முட்டை போட ஆரம்பிச்சிடும், எலும்பும் தோலுமா இருந்து தேறி வந்த ஒருத்தன இப்பவே குஞ்சுக்கு ஊட்ட வைக்க வேணாம்னு தோணுது, அண்ணன் மகனுக்குத்தான் என் மேல கோவம்.

அந்த மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல பொட்டை தலைய விட்டு சாப்பிடுறா, சிட்டு பக்கத்துல போயி எட்டிப் பாத்துட்டு திரும்பவும் தரைக்கு எறங்கி தகர மூடிக்குத்தான் வர்றான். மூடி ஓரத்துல துரு ஏற ஆரம்பிச்சிடுச்சு, மாத்தியாகணும். அதே சைஸ் டின்பால் நாலு வாங்கி வச்சிருக்கேன், வீட்டுல எல்லாருக்கும் ஒரு வாரமா பால் டீதான்.